இன்சைட்: பல வருடங்கள் ஆடிய பிறகு

இன்சைட் என்ற திகில் வீடியோ கேம் 2016 ஜூன் கடைசியில் எக்ஸ்பாக்ஸில் வந்தது. அடுத்த வாரமே கணினிக்கும், ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4க்கும் வந்துவிட்டது. நான் கணினியில் ஆடத் தொடங்கியவன். அதற்கப்புறம் எத்தனையோ கேம்களை வாங்கி, முடித்து, அழித்திருக்கிறேன். இதை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கேம்தான். புதிர்கள் ஒரே ஆட்டத்தில் தீர்ந்துபோகும், விடை தெரிந்தபின் அவற்றில் சவால் எதுவும் மிஞ்சாது. ஆனால் பயம் குறையவில்லை. எனக்கு அது கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு திகில் கேமில் இப்படி நடப்பது அபூர்வம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உருவாக்கியவர்கள் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் பிளேடெட் என்ற சிறிய ஸ்டூடியோ. 2010இல் லிம்போ என்ற கறுப்பு வெள்ளை கேமை வெளியிட்டுப் பெயர் வாங்கியவர்கள். அடுத்த கேமுக்கு ஆறு வருடம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் இயக்கியவர் ஆர்ன்ட் யென்சன். லிம்போவுக்குச் சொந்தமாக எழுதிய என்ஜினை, அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை, விட்டுவிட்டு இதற்கு யூனிட்டி என்ற பொது என்ஜினுக்கு மாறினார்கள்.

கேம் தொடங்கும்போது பெயர் சொல்ல மாட்டார்கள், எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்ட மாட்டார்கள். சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுவன் பாறைச் சரிவில் இறங்கி இருட்டான காட்டுக்குள் வந்து நிற்பான். நீங்கள் அவனை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். குதிக்க ஒரு பட்டன், பிடித்து இழுக்க ஒரு பட்டன். கடைசிவரை ஒரு வார்த்தை வசனம் இல்லை, திரையில் ஒரு எழுத்து இல்லை, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடும் இல்லை. ஆனாலும் முதல் சில நிமிடங்களிலேயே, டார்ச் அடித்துத் தேடும் முகமூடி மனிதர்களும் மனிதர்களை ஏற்றிப்போகும் லாரிகளும் வந்ததும், இந்த உலகத்தில் என்னவோ பெரிய தப்பு நடக்கிறது என்று புரிந்துவிடும். யாரும் சொல்லாமலே புரிவதால் அது ஆழமாக இறங்குகிறது.

சிறுவன் நகரும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிளாட்பார்மர் கேம்களில், அதாவது ஓடிக் குதித்துத் தடைகளைத் தாண்டும் கேம்களில், நாயகன் ரப்பர் பந்து மாதிரி துள்ளுவான். இவனுக்கு எடை இருக்கிறது. ஓடும்போது தடுமாறுவான், துரத்துபவர்களைத் திரும்பிப் பார்ப்பான், உயரத்திலிருந்து விழுந்தால் சமாளித்து எழுந்திருக்க ஒரு கணம் ஆகும். முதல் ஆட்டத்தில் நாய்கள் துரத்தும்போது இதெல்லாம் கண்ணில் படாது, தப்பித்தால் போதும் என்று இருக்கும். வழி மனப்பாடம் ஆனபிறகுதான் அவனைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. ஒரு குழந்தையின் உடல் பயத்தில் எப்படி ஓடும் என்று யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அது தெரிந்தபின் அவனை நாய் கவ்வ விடுவது எனக்கு முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சாவுகளும் அப்படித்தான். தப்பு செய்தால் நாய் கழுத்தைக் கவ்வி உதறும், தண்ணீரில் மூச்சு முட்டி உடல் தொய்யும். கேமரா திரும்பிக்கொள்ளாது, ரத்தத்தைப் பெரிதுபடுத்தவும் செய்யாது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். செக்பாய்ன்ட்கள், அதாவது செத்தால் மறுபடி தொடங்கும் இடங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரு கணத்தில் மறுபடி ஆடலாம், அதனால் எரிச்சல் வராது. ஆனாலும் அந்தச் சில வினாடிகள் மனதை விட்டுப் போகாது.

அடுத்து ஒலி. ஹெட்போன் இல்லாமல் இந்தக் கேமை ஆடாதீர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒலியமைத்த மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் ஒரு நிஜ மனித மண்டையோட்டை வாங்கி, அதன் வழியாக ஒலிகளைச் செலுத்தி, எலும்பில் அதிர்ந்து வருவதைப் பதிவுசெய்திருக்கிறார். நம் குரல் நம் தலைக்குள் கேட்பதுபோல ஒரு மந்தமான, உள்ளே அடைபட்ட ஒலி அதில் கிடைக்கிறது. இசை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு முனகல், எங்கோ இயந்திரம் ஓடும் அதிர்வு, அதற்கு நடுவே சிறுவனின் மூச்சு. இன்னொன்று, நீங்கள் செத்து மறுபடி தொடங்கும்போது ஒலி முதலிலிருந்து தொடங்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடும். முதல் ஆட்டத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்தபிறகு, சிறுவன் மட்டும்தான் செத்துச் செத்துத் திரும்பி வருகிறான், அந்த உலகம் அவனைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டுக்கு நடக்கிறது என்ற எண்ணம் வந்தது. அப்புறம் அது போகவில்லை.

ஒலியும் புதிரும் ஒன்றாகச் சேரும் இடம் நடுவில் வருகிறது. தூரத்தில் ஏதோ ஒன்று சீரான இடைவெளியில் வெடிக்கும், அந்த அதிர்வலை வெட்டவெளி முழுக்க அடித்துக்கொண்டு வரும். தகடுகளுக்குப் பின்னால் ஒளிந்து, அலை கடந்தவுடன் ஓட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் உடல் சிதறிவிடும். கொஞ்ச நேரத்தில் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளத்தைக் கேட்டு ஓடத் தொடங்குவீர்கள். மொத்தக் கேமிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புதிர்கள் கடினமானவை கிடையாது. பெட்டியை நகர்த்து, கயிற்றில் ஏறு, பன்றியை ஏமாற்றிச் சுவரில் மோதவிடு என்ற அளவில்தான் பலவும். பிளாட்பார்மர் கேம்களில் ஊறியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இரண்டு இடங்கள் வேறு ரகம். ஒன்று, மூளை பிடுங்கப்பட்ட மாதிரி தலை தொங்க நடக்கும் மனிதர்களின் வரிசையில் சிறுவனும் சேர்ந்து நடக்க வேண்டிய காட்சி. அவர்கள் நடந்தால் நடக்கணும், நின்றால் நிற்கணும், திரும்பினால் திரும்பணும். மேலே ஓர் இயந்திரக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கீழ்ப்படிய மட்டும் வேண்டும். என் விரல்கள் அவ்வளவு பணிவாக நடந்துகொண்டது எனக்கே சங்கடமாக இருந்தது.

இன்னொன்று அந்தத் தலைக்கவசம். கூரையிலிருந்து தொங்கும் கவசத்தில் சிறுவன் தலையை நுழைத்தால், தூரத்தில் கிடக்கும் உயிரற்ற மாதிரியான உடல்கள் அவன் அசைவுக்கு ஏற்ப எழுந்து நடக்கும். பிறகு ஓரிடத்தில், இப்படி இயக்கப்படும் ஓர் உடலையே இன்னொரு கவசத்தில் நுழைத்து, அதன் மூலம் வேறு உடல்களை இயக்க வேண்டும். நான் சிறுவனை ஆட்டுகிறேன், அவன் அந்த உடலை ஆட்டுகிறான், அது இன்னும் சிலரை ஆட்டுகிறது. முதல் முறை இதைச் சாமர்த்தியமான புதிராக மட்டும் எடுத்துக்கொண்டேன். முடிவு தெரிந்தபின் மறுபடி அங்கே வந்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

குறைகளும் இருக்கின்றன. தண்ணீருக்கடியில் நீளமான கூந்தலோடு ஓர் உருவம் துரத்தும் பகுதி உண்டு. வெளிச்சம் பட்டால் விலகும் என்பது அருமையான யோசனை. ஆனால் அங்கே சில இடங்களில் செத்துத்தான் கற்றுக்கொள்ள முடிகிறது, முன்கூட்டியே ஊகிக்க வழி இல்லை. மறுபடி மறுபடி ஆடும்போது இந்தப் பகுதி நீள்வதுபோல இருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்குபவருக்கு நாலு மணி நேரம் குறைவு என்று தோன்றினால் அதில் தப்பில்லை. என்னைக் கேட்டால், இதில் ஒரு காட்சியைக்கூட நீட்டியிருக்கக் கூடாது.

இனி வருவது ஸ்பாய்லர், அதாவது கேமின் முடிவைச் சொல்லிவிடும் பகுதி. இன்னும் ஆடாதவர்கள் கடைசி இரண்டு பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

கடைசியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குள், கண்ணாடித் தொட்டியில், கை கால்கள் பிதுங்கும் ஒரு சதைப் பிண்டம் மிதக்கிறது. பல மனித உடல்கள் ஒன்றாக ஒட்டிப் பிசைந்தது. சிறுவன் அதை விடுவிக்கப் போக, அது அவனையே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்பிறகு நீங்கள் ஆட்டுவது அந்தப் பிண்டத்தை. உருவாக்கியவர்கள் அதை ஹடில் என்று அழைக்கிறார்கள். 26 பாகங்களை இயற்பியல் விதிப்படி சேர்த்து இயக்கி, அது வழிக்கேற்ப நெளியவும் இடுக்குகளில் நுழையவும் வைத்திருக்கிறார்கள். இத்தனை நேரம் பலவீனமாக இருந்த ஒன்று திடீரென்று சுவர்களை உடைத்துக்கொண்டு போகும்போது ஒரு குரூரமான சந்தோஷம் வருகிறது. அதேசமயம் கூடத்தில் இருப்பவர்கள் அதற்கு வழிகாட்டி உதவுவார்கள். ஏன் உதவுகிறார்கள்? அது தப்பித்துச் சேரும் கடற்கரையை அப்படியே சிறிதாகச் செய்த ஒரு வடிவம் கூடத்துக்குள் முன்பே வைக்கப்பட்டிருக்கும். முதல் ஆட்டத்தில் வெறித்தனமாக முன்னேறும்போது அது கண்ணில் படுவது கஷ்டம். பார்த்துவிட்டால், அந்தத் தப்பித்தலும் யாரோ திட்டமிட்டதுதானா என்ற சந்தேகம் மொத்த ஆட்டத்தின் மீதும் விழுகிறது.

ஒளித்து வைத்த இரண்டாவது முடிவு இதைவிட என்னைப் பாதித்தது. கேம் முழுக்க மின்கம்பி இணைத்த ஒளிரும் கோளங்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் தேடி அணைத்துவிட்டு, தொடக்கத்தில் வரும் சோளக்காட்டுக்குக் கீழே ஒரு நிலவறைக்குப் போனால், சுவரில் ஒரு பெரிய பிளக் இருக்கும். சிறுவன் அதைப் பிடுங்குவான். விளக்குகள் அணையும், அவனும் அந்த வரிசை மனிதர்களைப் போலவே தலை தொங்க நின்றுவிடுவான். அவனை ஆட்டிக்கொண்டிருந்தது யார் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கன்ட்ரோலர் என் கையில்தான் இருந்தது. இணையத்தில் ஆயிரம் கோட்பாடுகள் ஓடுகின்றன, படிக்கச் சுவாரசியமானவை. ஆனால் பட்டனை அழுத்தும் செயலையே பயமாக மாற்றியதுதான் இந்தக் கேமின் சாதனை என்று நான் நம்புகிறேன். திரைப்படத்தாலோ நாவலாலோ அது முடியாது.

2017இல் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் இதற்குக் கலை, வடிவமைப்பு, கதை சொல்லல், புதிய படைப்பு என்று நான்கு பிரிவுகளில் பரிசு கிடைத்தது. ஒரு வார்த்தைகூட பேசாத கேமுக்குக் கதை சொல்லலுக்கான பரிசு கிடைத்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இது 2017 டிசம்பரில் ஐபோனுக்கும், 2018இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச்சுக்கும் வந்தது. கைக்கடக்கமான திரையில் ஆட முடியும், ஆனால் இருட்டில் ஒளித்து வைத்திருக்கும் பாதி விவரங்கள் தெரியாமல் போகும். பெரிய திரை, விளக்கணைத்த அறை, நல்ல ஹெட்போன் இருந்தால் நல்லது, முடிந்தால் ஒரே இரவில் முடித்துவிடுங்கள். பழைய கணினி வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், இது கனமான கேம் கிடையாது. பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம் மாதிரி தெரிந்தாலும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு குழந்தை சாகும் காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். கேமில் ஆங்காங்கே ஒளித்து வைத்திருக்கும் ஒளிரும் கோளங்களை முதல் ஆட்டத்தில் தேடாதீர்கள், கதையின் வேகம் கெட்டுவிடும். இரண்டாவது முறை ஆடும்போது வழிகாட்டி வீடியோ பார்க்காமல் தேடுங்கள். பலவும் நீங்கள் முதல் தடவை அவசரத்தில் ஓடிக் கடந்த இடங்களில்தான் இருக்கும்.