மக்களின் உடலசைவைக் கூட்ட அரசு எதில் பணம் போட வேண்டும்: விளம்பரமா, வரிச்சலுகையா, மருத்துவர் சீட்டா, நடைபாதையா?

உடம்பை அசைத்தால் நல்லது என்பது யாருக்கும் புதுச் சேதி இல்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடந்தால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். அந்த அளவைக்கூட எட்டாதவர்கள் 2022இல் உலகிலுள்ள பெரியவர்களில் 31 சதவீதம், ஏறக்குறைய 180 கோடிப் பேர். இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரையும் மாரடைப்பும் வந்த பிறகு மருத்துவமனையில் கோடிகோடியாகக் கொட்டுகிற அரசுகள், அதில் ஒரு பங்கை நோய் வராமல் தடுக்கவும் எடுத்து வைக்கத்தான் வேண்டும்.

சரி, எதில் போடுவது? நான் இரண்டே விஷயங்களை வைத்துத்தான் பார்க்கிறேன். காசும் நேரமும் இல்லாதவர்களுக்கு அது போய்ச் சேருகிறதா? திட்டத்துக்கான பணம் நின்ற பிறகும் பலன் நிற்கிறதா?

முதலில் விளம்பரப் பிரசாரம். எல்லா அரசுகளும் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் சீக்கிரம் செய்யலாம், யாரும் எதிர்க்க மாட்டார்கள். வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக 2002இல் தொடங்கிய 'வெர்ப்' பிரசாரம் நன்றாகவே திட்டமிடப்பட்டது, அதைப் பார்த்த பிள்ளைகள் கூடுதலாக விளையாடினார்கள் என்று மதிப்பீடுகளும் சொல்லின. ஆனால் 2006இல் நிதி நின்றது, பிரசாரமும் நின்றது. அடுத்து அந்த வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு அதிலிருந்து எதுவும் மிஞ்சவில்லை.

வரிச்சலுகை எனக்கு இதைவிட மோசமாகத் தெரிகிறது. கனடா 2007இல் குழந்தைகளின் விளையாட்டுப் பயிற்சிக் கட்டணத்துக்கு வரிக் கழிவு கொடுத்தது. 500 டாலர் கட்டணம் வரை கணக்கில் எடுத்து, அதில் 15 சதவீதம், அதாவது அதிகபட்சம் 75 டாலர். கட்ட வேண்டிய வரியில்தான் அதைக் கழிக்க முடியும் என்பதால், வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத குடும்பத்துக்குப் பூஜ்யம். வசதியானவர்களோ ஏற்கெனவே பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்களுக்கு எப்படியும் செய்யப்போகிற செலவில் கொஞ்சம் திரும்பி வந்தது. பின்னாளில் தொகையைக் கூட்டிப் பார்த்தார்கள், கடைசியில் 2017இல் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஜிம் கட்டணத்துக்கு வரிவிலக்கு கேட்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட்டுக் கேட்கலாம்.

மருத்துவர் சீட்டு வேறு ரகம், இதற்கு என்னிடம் நல்ல மதிப்பு உண்டு. நியூசிலாந்தில் 1990களிலிருந்து 'பச்சைச் சீட்டு' என்று ஒரு முறை இருக்கிறது. மாத்திரை எழுதுவதுபோல மருத்துவரோ செவிலியரோ எவ்வளவு நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார், அப்புறம் ஒரு பயிற்சி ஆலோசகர் சில மாதங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருப்பார். 2003இல் வந்த ஒரு ஆய்வின் கணக்குப்படி, பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக்குப் பின் கூடுதலாக ஒருவர் வாரம் இரண்டரை மணி நேரத்தை எட்டுகிறார். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அசையாமல் இருந்த நடுவயதுக்காரர்களிடமும் முதியவர்களிடமும் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம். மாரடைப்பு வந்துவிட்டது, இனி நடக்கலாமா கூடாதா என்று பயந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு நடைபாதை மட்டும் போதாது, மருத்துவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். குறை எங்கே என்றால், சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர் நடக்கப்போவது எந்தத் தெருவில்?

அந்தத் தெருவைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பாதசாரிகளுக்கான பச்சை விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் மனிதர் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 12 மீட்டர் அகலச் சாலைக்குப் பத்து வினாடி. இங்கிலாந்தில் 2012இல் வெளிவந்த ஆய்வில், 65 வயதைத் தாண்டிய பெண்களின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 0.8 மீட்டர்தான். அவருக்குப் பதினைந்து வினாடி வேண்டும். விளக்கு மாறும்போது சாலையில் இன்னும் நான்கு மீட்டர் பாக்கி இருக்கிறது, வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு முறை இப்படி மாட்டிக்கொண்ட ஒரு பாட்டி மூன்றாம் முறை வெளியே வருவாரா? அவரிடம் போய் 'தினமும் நடங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுவதில் என்ன நியாயம் இருக்கிறது? விளக்கில் ஐந்து வினாடியைக் கூட்டுவதற்குப் புதிதாக எதையும் கட்டவே வேண்டாம்.

கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஊர்கள் இருக்கின்றன. ஸ்பெயினின் செவில்லா நகரம் 2006இலிருந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள் வண்டிகளிலிருந்து பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைகளை ஒரே வலையாகப் போட்டு முடித்தது, மிதிவண்டிப் பயணங்கள் பல மடங்கு கூடின. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் நடந்திருக்காது, பாதி வழியில் பாதை முடிந்து லாரிக்கு நடுவே விடுகிற தடத்தில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா 1974இலிருந்து ஞாயிறுதோறும் சாலைகளை வண்டிகளுக்கு மூடி மக்களிடம் கொடுக்கிறது, இன்று அது 120 கிலோமீட்டருக்கு மேல். கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம்.

இதற்கு வேரான சான்று பழையது. 1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கவில்லை, வேலையே அவர்களை நடக்க வைத்தது. கடைக்கும் பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நிம்மதியாக நடந்து போக முடிகிற தெரு செய்வதும் இதையேதான், அதனால்தான் நேரமில்லாதவருக்கும் அது உதவுகிறது.

இதற்குக் கஷ்டங்கள் உண்டு. வாகன நிறுத்தம் போகிறதே என்று கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், பலன் தெரிய அடுத்த தேர்தலையும் தாண்டும். ஆனால் போட்ட பாதை ஆட்சி மாறினாலும் அங்கேயே கிடக்கும்.

பள்ளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிட உடலசைவு வேண்டும், உலகில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் அதை எட்டுவதில்லை. பாடம் முடியவில்லை என்று விளையாட்டு வகுப்பைப் பிடுங்கக் கூடாது என்பதைச் சட்டமாக்கினால் பாதி வேலை முடிந்தது.

என் வரிசை இதுதான்: தெருவும் பள்ளியும் முதலில், அதற்குப் பின் மருத்துவர் சீட்டு. புதிய பாதை திறக்கும்போது ஊருக்குச் சொல்ல மட்டும் பிரசாரம். வரிச்சலுகைக்கு ஒரு காசும் வேண்டாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் உடல்நலத் திட்டம் என்ன என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். போக்குவரத்து நிதியில் நடைபாதைக்கும் மிதிவண்டிக்கும் எத்தனை சதவீதம், எந்தத் தெருவில், எந்த ஆண்டுக்குள் என்று கேளுங்கள், சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.