மூணு மாசத்துக்குத்தானே என்று ஓட்டை வேன் வாங்கப் போகிறீர்களா?

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏமாந்த கதையைச் சொல்வதில் யாருக்குத்தான் பெருமை? ஆனால் தெரிந்த பையன் ஒருவன் போன் செய்து, "அண்ணே, சும்மா ரெண்டு மாசம் ஓட்ட ஒரு பழைய வேன் பார்த்து வச்சிருக்கேன், விலை ரொம்பக் கம்மி" என்றான். அந்த 'சும்மா'வைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு போனேன்.

நான் மரவேலை செய்கிறவன். அலமாரி, கதவு, கட்டில். பலகையும் கருவிகளும் ஏற்றிப்போக வேன் இல்லாவிட்டால் ஒரு நாள்கூடப் பிழைப்பு ஓடாது. என் வேன் முன்பக்கம் நசுங்கி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, பாகங்கள் வந்து, டிங்கரிங் முடிந்து கைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வாடகைக்கு எடுத்தால் கொடுத்த காசு திரும்பாது. அடிமாட்டு விலைக்கு ஒரு பழசை வாங்கி ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டால் செலவே இல்லையே என்று கணக்குப் போட்டேன். காகிதத்தில் அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் வருகிறது.

விற்றவர் போனில் பேசும்போதே தங்கமான மனிதர். "எத்தனை மணிக்கு வருவீங்க தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் கிளம்புகிற நேரத்தில் அவரே கூப்பிட்டு, "கிளம்பிட்டீங்களா?" என்றார். நம் நேரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிய எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

வண்டி ஒரு கொட்டகைக்குள் நின்றது. பழைய டீசல் வேன், பக்கவாட்டில் தள்ளுகதவு. மேலே பெயிண்ட் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, புதுசாகப் பளபளத்தது. "அடியில துரு ஏறக் கூடாதுன்னு போன மாசம்தான் அடிச்சேன்" என்றார். அக்கறையான ஆள். பேசிக்கொண்டே பானட்டின் மேல் கையை ஊன்றினேன். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு என்று கையை எடுத்துக்கொண்டேன். கொட்டகைக்குள் ஏது வெயில்? அது அப்போது தோன்றவில்லை.

"எதுக்குத் தம்பி வண்டி?" என்று கேட்டார். நானும் வெள்ளந்தியாக, "என் வண்டி ரெடியாகுற வரைக்கும் ஒரு மூணு மாசத்துக்குத்தான் அண்ணே" என்றேன். அதோடு என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். தள்ளுகதவு பாதியில் சிக்கியது. "மூணு மாசத்துக்கு இது போதாதா தம்பி?" மூன்றாவது கியர் போட்டால் கடகடவென்றது. "ரெண்டாவதுலேருந்து நேரா நாலுக்குப் போட்டுக்குங்க, மூணு மாசம்தானே." நான் குறை என்று எதைக் காட்டினாலும் என் வார்த்தையையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் எனக்கே குறை சொல்ல வெட்கமாகிவிட்டது. கொடுக்கிற விலைக்கு இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது என்று அவருக்காக நானே வாதாட ஆரம்பித்துவிட்டேன்.

சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்குகூட எரியவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

கையோடு ஒரு சீட்டு எழுதினோம். 'உள்ளது உள்ளபடி, ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து வாங்கிக்கொண்டேன்' என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டுமா, கையெழுத்துக்கு மேலே இருக்கிற அத்தனை எழுத்தும் என்னுடையது. பதிவுப் புத்தகத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. "என் மச்சான் பேர்லதான் இருக்கு" என்றார். அந்தப் பெயருக்குரியவரைப் பிறகு நானே தேடிப் பிடித்தேன். இவரை அவருக்கு யாரென்றே தெரியவில்லை. வண்டியை எப்போதோ வேறொருவருக்கு விற்றுவிட்டாராம். அங்கிருந்து இந்தக் கைக்கு வந்த வண்டி, நடுவில் யார் பெயருக்கும் மாறவில்லை. என் பெயருக்கு மாற்ற நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை, விடுங்கள்.

மறுநாள் விடிந்ததும் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரி தீரும்வரை முயன்றேன். பக்கத்தில் இருந்த நாலு பேர் தள்ளிவிட்டதும் வெள்ளைப் புகை ஒரு மேகம் மாதிரி கிளம்பியது, அதற்குள்ளிருந்து வண்டி இருமிக்கொண்டே வெளியே வந்தது. அப்படியே மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். எனக்கும் அவருக்கும் நெடுநாள் பழக்கம். வாங்குவதற்கு முன்னால் அவரை ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்பீர்கள். அவரும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் காரமாக.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகினார். கழற்றி எடுக்காமல் வாயின் மேலேயே சும்மா வைத்தார். மூடி டக்டக்கென்று குதித்தது. எடுத்ததும் குப்குப்பென்று புகை. "பேக் கம்ப்ரஷன். ரிங் போச்சு, போரும் போச்சு" என்றார். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை அழுத்தும்போது பிறக்கிற சூட்டில்தான் டீசல் பற்றும். பிஸ்டன் ரிங்கும், அது உரசி ஓடுகிற சிலிண்டரின் உள்சுவரான போரும் தேய்ந்தால் அந்த அழுத்தம் கீழே கசிந்துவிடும், அதுதான் பேக் கம்ப்ரஷன். காலையில் இரும்பு குளிர்ந்திருந்தால் இருக்கிற கொஞ்ச சூட்டையும் அதுவே குடித்துவிடும். குளிரில் கைகொடுக்க வேண்டிய ஹீட்டர் பிளக்குகளும் இதில் செத்துப்போயிருந்தன. ஆனால் ஒரு தடவை சூடாகிவிட்டால் இதே இன்ஜின் அரைச் சுற்றில் எழும்பும். "கிளம்பிட்டீங்களா?" என்று விற்றவர் கேட்டது இதற்காகத்தான். நான் வந்து சேருவதற்குள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி நிறுத்த வேண்டாமா?

அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலைக் கட்டைவிரலில் தொட்டு நீட்டினார். விளக்கெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு இழுபட்டது. சத்தமும் நீலப் புகையும் தெரியாமல் இருக்கக் கெட்டி ஆயிலை ஊற்றி வைத்திருக்கிறார்கள். நாலைந்து நாளைக்கு அது தாங்கும்.

"சாவியை ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றார். செய்தேன். "என்ன தெரியுது?" "ஆயில் விளக்கு எரியலையே அண்ணே, நல்லதுதானே?" என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் செய்தால் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிந்தே ஆக வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அணைய வேண்டும். அப்போது எரியவில்லை என்றால் விளக்கே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மீட்டர் பெட்டியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஆயில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் பல்பு மாட்டுகிற ஹோல்டர் மட்டும் இருந்தது. அதற்குள் பல்பு இல்லை. ஃபியூஸ் போன பல்பாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். யாரோ மெனக்கெட்டு, மீட்டர் பெட்டியைக் கழற்றி, அந்தச் சின்ன பல்பை விரலால் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி மூடியிருக்கிறார்கள்.

போன் போட்டேன். "தம்பி, நான் புது வண்டின்னு சொன்னேனா? பார்த்துத் திருப்தியடைந்துன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?" அதற்குப் பிறகு என் நம்பரிலிருந்து போனால் அவர் எடுக்கவே இல்லை.

அன்றைக்கே தலைமுழுகியிருக்க வேண்டும். கொடுத்த காசு உறுத்தியது. பேட்டரி மாற்றினேன், ஹீட்டர் பிளக் மாற்றினேன், ராத்திரி சரிவான இடமாகப் பார்த்து நிறுத்திக் காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்து ஓட்டினேன். ஒரு வாரம் கடந்தது. இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்று தைரியம்கூட வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் கட்டில் செய்யப் பலகை ஏற்றினேன். நிறைய இல்லை, என் பழைய வேன் சிரித்துக்கொண்டே இழுக்கிற பாரம்தான். ஒரு குழியில் இறங்கி ஏறியபோது பின்னால் மடேரென்று சத்தம், வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது, டயர் பாடியில் உரசி ரப்பர் கருகுகிற நாற்றம். பாரத்தைத் தாங்குகிற பின்பக்க வில் பட்டைகளை, அதாவது பிளேட் செட்டை, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்திருக்கிற பிராக்கெட், சேஸிஸையும் பிய்த்துக்கொண்டு மேலே ஏறியிருந்தது. மெக்கானிக் அண்ணன் படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் குத்தினார். அட்டைப்பெட்டியில் குத்துவதுபோல உள்ளே போனது. பளபளப்பான கறுப்புப் பெயிண்ட்டுக்கு அடியில் இரும்பே இல்லை, துருவும், ஓட்டையை அடைக்கப் பூசுகிற பட்டிப் பசையும்தான். நல்லவேளை, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பலகை சரிந்து விழுந்த இடத்தில் ஆள் யாரும் இல்லை. இன்ஜினைப் பற்றி நான் பேசியதெல்லாம் பணக் கணக்கு. இது உயிர்க் கணக்கு. இரண்டையும் 'மூணு மாசத்துக்குத்தானே' என்று ஒரே தராசில் போட்டது என் தவறு.

பழைய வண்டியே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. என் நண்பர் ஒருவர் வைத்திருக்கும் வேனில் அடிபடாத இடமே இல்லை, ஒரு கதவு வேறு கலர். ஆனால் குளிர்ந்த காலையில் தொட்டதும் பிடிக்கும், பிரேக் மிதித்தால் நேராக நிற்கும். கொஞ்ச நாளைக்கென்று வாங்குகிறவருக்கு அப்படிப்பட்ட அழுக்கு வண்டிதான் வேண்டும். நசுங்கல், கிழிந்த சீட், ஓடாத ஏசி எதையும் மதிக்காதீர்கள், விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள். புதுப் பெயிண்ட்டைக் கண்டால் மட்டும் நின்று பாருங்கள், அதுவும் அடியில் அடித்திருந்தால்.

போகிற நேரத்தைச் சொல்லாமல், அல்லது சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போங்கள். முதல் வேலை பானட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு, ஆறிய பிறகு வருகிறேன் என்று கிளம்புங்கள். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள்: வெள்ளை லேசாக வந்து நின்றால் சரி, நிற்காமல் வந்தாலும் நீலம் வந்தாலும் வேண்டாம். பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே காலை வைத்திருங்கள். பெடல் மெல்லக் கீழே இறங்கினால் ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள். அடியில் படுத்துத் தட்டிப் பாருங்கள், ஒரு காந்தம் கொண்டுபோனால் இன்னும் நல்லது, பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஐந்து இலக்க மீட்டர் 99,999-க்குப் பிறகு மறுபடி சைபரிலிருந்து தொடங்கும், யாரும் திருப்பக்கூட வேண்டாம். பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது உண்மையைச் சொல்லும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-இல் 23-ஆவது வாரம் தயாரானது. சில டயரில் உள்பக்கமாக இருக்கும், குனிந்துதான் பார்க்க வேண்டும். என் வண்டியின் ஸ்டெப்னியில் மூன்று இலக்கம்தான் இருந்தது. எழுத்து அழிந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். "அழியல. மூணு நம்பர்னா 2000-க்கு முந்துனது" என்றார் மெக்கானிக் அண்ணன். மியூசியத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

மிச்ச நாளுக்கு வாடகை வண்டிதான் எடுத்தேன். வாங்கிய விலை, பேட்டரி, பிளக், இழுத்து வந்த செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால், முதல் நாளிலிருந்தே வாடகைக்கு எடுத்திருந்தாலும் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். கூட்டிப் பார்த்ததை வீட்டில் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் வேனை வாங்க ஒருவர் வந்தார். பிராக்கெட்டை வெல்டு வைத்துக் கொடுத்தால் போதும், அவருக்கும் ஒரு மாத வேலைதானாம், ஓடினால் போதுமாம். ஒரு நிமிடம் சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவரை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லி ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தேன். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "வரேண்ணே" என்று போய்விட்டார்.

வேனை எடைக்குப் போட்டேன். பேட்டரியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன், அது நான் வாங்கிப் போட்டது.