கால் கட்டைவிரல் மூட்டை ஒட்டவைக்கும் ஆபரேஷன்: செம்பூரில் என் 7 மாத அனுபவம்

ஆபரேஷனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அது நடந்த மருத்துவமனைக்கு அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை. மும்பையில் செம்பூர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைதான், பெயர் வேண்டாம்.

எனக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம், ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்பார்கள். மூட்டின் மேல்பக்கம் எலும்பு முண்டு மாதிரி வளர்ந்து, விரல் மேல்நோக்கி வளையவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த மூட்டு வளைந்துதான் கால் தரையை விட்டு எழும்புகிறது என்பதே அது வளையாமல் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஸ்டேஷன் பாலம் ஏறினால் வலி, காலையில் கோலம் போடக் குந்தினால் உயிர் போகும். ஆரம்பத்திலேயே காட்டியிருந்தால் முண்டை மட்டும் செதுக்கி எடுத்திருக்கலாமாம். 4 வருடம் தைலமும் வெந்நீருமாக ஓட்டிவிட்டேன், எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டில் இடைவெளியே இல்லை.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். "மிச்சமிருக்கிற குருத்தெலும்பைச் சுரண்டிவிட்டு இரண்டு எலும்பையும் பிளேட், ஸ்க்ரூ வைத்து ஒன்றாக்கிவிடுவோம், அசையாத மூட்டு வலிக்காது" என்றார். அப்புறம் வீட்டில் வெறுங்காலோடு நடப்பீர்களா, வெளியே என்ன செருப்பு, ஹீல்ஸ் உண்டா என்றெல்லாம் கேட்டார். எதற்கு இவ்வளவு கேள்வி என்று நினைத்தேன், விரலை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதே அதில்தான் இருக்கிறது. லேசாக மேலே தூக்கி நிறுத்த வேண்டும்; அதிகம் தூக்கினால் ஷூவில் உரசும், தாழ்ந்துவிட்டால் விரல் நுனியில் பாரம் விழும். அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே பாதத்துக்கு அடியில் தட்டையான பலகையை வைத்து அழுத்திப் பார்ப்பார்களாம். உங்கள் டாக்டர் இதைக் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமானால் இன்னொரு ஆபரேஷன்தான்.

கோபம் மருத்துவமனை நிர்வாகத்தின் மேல். மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று தியேட்டர் வாசலில்தான் சொன்னார்கள். 28 வருடமாகப் போட்டிருந்தது, சோப்பு போட்டும் வராமல் வெட்டித்தான் எடுத்தார்கள். முதல் நாள் ஒரு போன் செய்திருந்தால் வீட்டிலேயே நிதானமாகக் கழற்றியிருப்பேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. டிஸ்சார்ஜ் அன்று காலை 11 மணிக்குக் கிளம்பலாம் என்றவர்கள் இன்சூரன்ஸ் அனுமதி வரவில்லை என்று இரவு 7 வரை உட்கார வைத்தார்கள். குதிகாலில் மட்டும் பாரம் போட ஒரு தனிச் செருப்பு வேண்டும், அது அவர்கள் பார்மசியில் இல்லை. என் வீட்டுக்காரர் சயான் வரை அலைந்து வாங்கி வந்தார். வார்டில் இருந்த திருநெல்வேலிப் பொண்ணு, நர்ஸ், "அக்கா, முன்பாதத்தை ஊன்றிடாதீங்க, படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க" என்று பத்து தடவையாவது சொன்னாள். அவள் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

6 வாரம் குதிகால் நடை, அப்புறம் எக்ஸ்ரே, 12 வாரத்தில் எலும்பு நன்றாக ஒட்டிவிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஒட்டுவது சிரமம், முன்கூட்டியே பேசிவிடுங்கள். வலது கால் என்பதால் வண்டி ஓட்டுவது பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது 7 மாதம். சாயந்திரம் கொஞ்சம் வீங்குகிறது, ஆனால் அந்தக் குத்தல் வலி அடியோடு போய்விட்டது. விரல் வளையம் வைத்த செருப்பு இனி சரிப்படாது, முன்பக்கம் வளைந்து உருளும் அடி வைத்த ஷூதான் சுகம். குந்தி உட்கார வரவில்லை, மணை போட்டு உட்கார்ந்து கோலம் போடுகிறேன், புள்ளிகள் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. போன கிருத்திகைக்கு சேடா நகர் முருகன் கோயில் 108 படியையும் வெறுங்காலோடு ஏறினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை நின்று.