பட்டா, காம்போவா, வெள்ளைச் சட்டையா? குடும்பப் படத்துக்கு எதை உடுத்துவது

அப்பாவுக்கு எழுபது முடிகிறது, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வோம் என்று பேச்சு ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. போட்டோகிராபர் கிடைத்துவிட்டார். இடம் பெசன்ட் நகர் கடற்கரை என்று முடிவாகிவிட்டது. உடை மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. மொத்தம் ஒன்பது பேர். மூத்தவர் அத்தை, எழுபத்தாறு. இளையவள் என் மகள், நான்கு.

வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சிகள். எல்லோரும் பட்டுதான் என்கிறார் அத்தை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில், அளவு வாரியாகக் கடையில் விற்கும் ஃபேமிலி காம்போ என்கிறார் அண்ணி. வெள்ளைச் சட்டையும் ஜீன்ஸும் என்கிறான் அண்ணன் மகன். எங்கோ இன்ஸ்டாகிராமில் பார்த்திருக்கிறான்.

வெள்ளையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகமில்லை. கேமராவைத் தானியங்கியில் விட்டால், முன்னால் இருப்பதையெல்லாம் சராசரி சாம்பல் என்று எண்ணித்தான் அது வெளிச்சத்தை அளக்கும். ஒன்பது வெள்ளைச் சட்டைகளைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். நம் முகங்கள் இருண்டுவிடும். நல்ல போட்டோகிராபர் அதைச் சரிக்கட்டிவிடுவார். ஆனால் சட்டை மடிப்பு தெரியாமல் வெளுத்துப்போகும், இல்லை முகத்தைப் பிறகு கணினியில் வெளுக்கவேண்டிவரும். அந்தச் சுண்ணாம்பு முகங்களைக் கல்யாண ஆல்பங்களில் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. இதையெல்லாம் நான் விளக்கத் தேவையே வரவில்லை. "நல்ல நாளும் அதுவுமா என்னை வெள்ளைல உக்கார வைக்கப் போறியாடா?" என்று அத்தை ஒரே வரியில் கேட்டார். மாமா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பையன் அந்தச் செய்தியை அழித்துவிட்டான்.

அடுத்தது காம்போ. இதில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு அண்ணியும் நானும் தி.நகர் கூட்டத்தில் நசுங்கி, ஒரு கடையில் கத்தரிப்பூ நிறத்தில் எட்டுப் பேருக்கு செட் எடுத்தோம். பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்குச் சட்டையும் அதே கரை போட்ட வேட்டியும், குழந்தைக்குப் பாவாடை. கடையின் டியூப் லைட்டில் எல்லாம் ஒரே நிறம்தான். படத்தில் பார்த்தால் அம்மாவின் சேலை ஊதா, அப்பாவின் சட்டை பழைய கத்தரிக்காய், குழந்தையின் பாவாடை ஏறக்குறைய ரோஸ். துணி வேறு என்றால் சாயம் ஏறுவதும் வேறு. பட்டு, பருத்தி, பாலியஸ்டர் மூன்றும் ஒரே சாயத்தை ஒரே மாதிரி குடிப்பதில்லை. சில துணிகள் கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்து, வெயிலில் பிரிந்துவிடும். வேறு வேறு நிறம் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்றாக்க முயன்று தோற்றது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

சாயம் சரியாகவே அமைந்தாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. குடும்பப் படத்தில் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்போம். ஒரே நிறம் என்றால் யார் கை எங்கே முடிகிறது, யார் மடியில் குழந்தை என்பதே தெரியாது. ஒரு பெரிய கத்தரிப்பூ மூட்டையின் மேல் எட்டுத் தலைகள். எங்கள் படத்தில் அண்ணனுக்கு மூன்று கை இருப்பதுபோலத் தெரியும், இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். செலவு பதினாலாயிரத்துச் சொச்சம். அப்புறம் அந்த வேட்டியை அப்பா ஒரு முறைகூடக் கட்டவில்லை.

காம்போவுக்கு ஒரு நியாயம் உண்டு, மறைப்பானேன். யாரும் யோசிக்க வேண்டாம். கைக்குழந்தை அளவு வரை கிடைக்கும். இரண்டு பேர், மூன்று பேர் மட்டும் உள்ள வீடு, ஸ்டுடியோவில் எடுக்கப்போகிறார்கள் என்றால் அழகாகவே வரும். ஒன்பது பேருக்கு ஆகாது.

சரி, பட்டு. அத்தை சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. புதிதாக வாங்க வேண்டாம், எல்லோர் பீரோவிலும் இருக்கிறது. நீளவாட்டு நூலான பாவில் ஒரு நிறமும் குறுக்கு நூலான ஊடையில் ஒரு நிறமும் ஓடும் டபுள் ஷேட் பட்டு, உடம்பு திரும்பத் திரும்ப நிறம் மாறும். மயில் கழுத்து நிறம் படத்தில் விழும் அழகுக்கு எந்தக் காம்போவும் ஈடில்லை. அத்தையிடம் இருப்பது எம்.எஸ். ப்ளூ. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்துகொடுத்து, அவர் பெயராலேயே நிலைத்துவிட்ட நீலம். அத்தையுடையது அதே நிறத்தில், அரக்குக் கரையோடு, அவர் வேலையில் சேர்ந்த வருடம் எடுத்தது. அதை விட்டுவிட்டு வேறு கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் இடம் கடற்கரை. ஸ்டுடியோ என்றால் பட்டுக்கே என் ஓட்டு. குளிர்சாதனம் இருக்கும், காற்று அடிக்காது, விளக்கைக் குடை வைத்து மென்மையாக்கியிருப்பார்கள். நேராக ஃப்ளாஷ் அடித்தால் மட்டும் ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும், அதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கடற்கரையில் பட்டுக்கு வேர்வைதான் எதிரி. அக்குளில் ஒரு திட்டு விழுந்தால் காய்ந்த பிறகும் போகாது. உப்புக்காற்றில் முந்தானை பறக்கும், மணலில் இழுபடும். என் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டினால் இடுப்பில் ஜரிகை குத்துகிறது என்று பத்தாவது நிமிடம் அவிழ்க்க ஆரம்பித்துவிடுவாள். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துத் தைத்தால் இருபது நிமிடம் தாங்குவாள்.

நான் சொல்வது நான்காவது வழி: ஒருவரின் சேலையிலிருந்து நிறங்களை எடுத்து மற்றவர்களுக்குப் பங்கு வைப்பது. யார் மாறமாட்டாரோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அத்தை. அவர் சேலையில் நீலமும் அரக்கும் இருக்கின்றன, துணைக்குச் சந்தன நிறம் சேர்த்துக்கொண்டேன். மூன்றே நிறம், யாருக்கும் ஒரே மாதிரி இல்லை. பட்டு அத்தைக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பருத்தியோ சில்க் காட்டனோ. எனக்குப் பூவேலை இல்லாத அரக்குப் பருத்திச் சேலை. அண்ணிக்குச் சந்தன உடலில் அரக்குக் கரை. அம்மாவுக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கி.

"வீட்ல கட்டற சேலையைக் கட்டிக்கிட்டா போட்டோவுக்கு வரச் சொல்றே?" என்றார் அம்மா.

"அம்மா, 2019-லயே அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்தாச்சு."

"குறியீடு குடுத்தா ரசக்கறை போயிடுமா?"

புதிதாக ஒன்று எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். கண்டாங்கியின் பெரிய கட்டம் படத்துக்கு நல்லது. சின்னக் கட்டமும் மெல்லிய கோடும்தான் ஆபத்து. கேமராவுக்குள் படத்தைப் பதியும் புள்ளிக் கட்டத்தோடு மோதி, சட்டையில் அலை அலையாக ஏதோ நெளியும். அண்ணனின் ஆபீஸ் சட்டைகள் அத்தனையும் இதிலேயே அடிபட்டுப்போயின.

எடுத்துவைத்ததையெல்லாம் கட்டிலில் பக்கம் பக்கமாகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். நிறம் போனதும் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். துருத்தியது என் கணவரின் ஜிப்பா. கிரீம் என்று வாங்கியது, வெள்ளையாகவே வந்து நின்றது. அதற்குப் பதிலாக இப்போது நல்ல சந்தன நிறம் வந்திருக்கிறது.

கட்டிலில் தெரியாத ஒன்று கடற்கரையில் தெரிந்தது. போன வாரம் அப்பா அம்மாவோடு நடக்கப் போனபோது, ஸ்மிட் நினைவிடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருவரையும் மணலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். சந்தன நிறச் சட்டையில் அப்பாவைக் காணவில்லை. மணலோடு மணலாகிவிட்டார், முகமும் கண்ணாடியும்தான் மிச்சம். உட்காருபவர்களுக்குப் பின்னால் மணல், நிற்பவர்களுக்குப் பின்னால் கடலும் வானமும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே நீலமும் அரக்கும் உட்காரும் வரிசைக்கு, சந்தனம் நிற்கும் வரிசைக்கு. நாற்காலியில் அத்தையின் நீலம் எடுப்பாக இருக்கும். காலடியில் உட்காரும் அண்ணன் மகனுக்கு நீலக் குர்தா, என் மகளுக்கு அரக்குப் பருத்திப் பாவாடை. நிற்பவர்களில் நான் மட்டும் அரக்கு, அது கடலுக்கு முன்னால் கெடாது.

நேரமும் இதோடு சேர்ந்ததுதான். நம் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து முகம் இருண்டுவிடும், எந்த நிறம் கட்டினாலும் வீண். மாலையில் வெயில் ஊர்ப்பக்கமிருந்து முகத்தில் விழும். ஆனால் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் சீக்கிரம் இறங்கிவிடும், கடற்காற்றும் ஓயாது. அதனால் ஐந்து மணிக்கே தயாராக நிற்க வேண்டும், சேலைக்கு இரண்டு ஊக்கு கூடுதல். செருப்பு யாருக்கும் வேண்டாம் என்றதும் ஒன்பது ஜோடிப் பிரச்சினை ஒரே நொடியில் தீர்ந்தது.

அப்பா சட்டை மட்டும் பாக்கி இருந்தது. அரக்கு என்றேன், "இந்த வயசுல எனக்கு மாப்பிள்ளைச் சட்டையா?" என்று தட்டிவிட்டார். வெளிர் நீலத்தில் வேர்வை தெரியும். கடைசியில் சாம்பல் கலந்த நீலத்தில் ஒத்துக்கொண்டார், பாக்கெட் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பாக்கெட்டில் எப்போதும் கண்ணாடிக்கூடு, போன், மடித்த மருந்துச் சீட்டு இருக்கும். மார்பில் செங்கல் வைத்ததுபோலத் தெரியும். படம் எடுக்கும் அரை மணி நேரம் அதை என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மருந்துச் சீட்டை மட்டும் தரமாட்டாராம்.