விரல் மடங்கும் முன் கதிர், மடங்கிய பின் கத்தி: டுப்யூட்ரன் சிகிச்சைகள் ஓர் ஒப்பீடு

உள்ளங்கையில் கெட்டியாக ஒரு முடிச்சு தோன்றும். பெரிய வலி இருக்காது. அந்த இடத்தில் தோல் கொஞ்சம் உள்ளே இழுத்துக் குழிந்திருக்கும். சில வருடங்களில் அந்த முடிச்சிலிருந்து ஒரு நார் விரலை நோக்கி ஓடும், பெரும்பாலும் மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ. அப்புறம் அந்த விரல் மெல்ல மெல்ல உள்ளங்கைப் பக்கம் மடங்கும். மறு கையால் பிடித்து இழுத்தாலும் நிமிராது. இதுதான் டுப்யூட்ரன் நோய். மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது 1986-இலும், ரொனால்டு ரீகன் அதிபர் பதவியின் கடைசி மாதமான 1989 ஜனவரியிலும் இதற்காகக் கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள்.

ஐரோப்பாவில் இந்த நோய்க்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் துறை. மற்றது கை அறுவை சிகிச்சைத் துறை. எது நல்லது என்றுதான் நோயாளிகள் எல்லோரும் கேட்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடுபவை அல்ல. விரல் மடங்கிய பிறகு கதிர்வீச்சுக்குப் போவது வீண். விரல் நேராக இருக்கும்போதே கத்திக்குப் போவது அதைவிட மோசம். உண்மையான போட்டி வேறு இடங்களில் நடக்கிறது. விரல் நேராக உள்ளவருக்குக் கதிர்வீச்சா, சும்மா இருப்பதா என்பது ஒன்று. மடங்கியவருக்குக் கத்தியா, ஊசி முனையால் நாரை வெட்டுவதா என்பது இன்னொன்று.

இதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உள்ளங்கைத் தோலுக்கு அடியில், தசைநாண்களுக்கு மேலே, ஒரு நார்ப்படலம் இருக்கிறது. விரலை மடக்கும் தசைநாண்களுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. 1777-இலேயே லண்டனில் ஹென்றி கிளைன் கைகளை அறுத்துப் பார்த்து, கோளாறு அந்தப் படலத்தில்தான் என்று கண்டுகொண்டார். முதல் கட்டத்தில் அங்கே சில செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அந்தக் கூட்டம்தான் முடிச்சு. காயம் ஆறும்போது தோலைச் சுருக்கி மூடும் அதே வகைச் செல்கள் இவை. டுப்யூட்ரன் முடிச்சுக்குள் இவை இருப்பதை 1972-இல் கபியானியும் மஜ்னோவும் எழுதினார்கள். இந்தச் செல்கள் கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இழுக்கின்றன. கடைசிக் கட்டத்தில் செல்கள் குறைந்துபோய், வெறும் கொலாஜன் கயிறு மட்டும் மிஞ்சுகிறது.

கதிர்வீச்சு பெருகும் செல்லைத் தடுக்கும், கயிற்றைக் கரைக்காது. கத்தி கயிற்றை அகற்றும், பெருகும் செல்லை அடக்காது. மற்ற விவாதமெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

நேராக உள்ள விரல்: கதிர்வீச்சா, காத்திருப்பா?

ஜெர்மனியில் குதிகால் வலி போன்ற, புற்றுநோய் அல்லாத தொல்லைகளுக்கும் குறைந்த அளவில் கதிர்வீச்சு கொடுப்பது நெடுநாள் வழக்கம். டுப்யூட்ரனுக்கான கதிர்வீச்சு ஆய்வுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. அதிகம் பின்பற்றப்படும் திட்டத்தில் ஒரு நாளைக்கு 3 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் ஐந்து நாள் கொடுத்து, 6 முதல் 12 வாரம் இடைவெளி விட்டு, மறுபடி ஐந்து நாள் கொடுப்பார்கள். மொத்தம் 30 கிரே. பல புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் 60, 70 கிரேயோடு ஒப்பிட்டால் இது பாதிதான். மருத்துவர் கையைத் தடவிப் பார்த்து முடிச்சையும் நாரையும் பேனாவால் குறித்துக்கொள்கிறார். சுற்றிலும் கொஞ்சம் விளிம்பு விட்டு, மீதிக் கையை ஈயத்தால் மறைக்கிறார்கள். பயன்படுத்துவது ஆழமாக ஊடுருவாத எக்ஸ் கதிர் அல்லது எலக்ட்ரான் கற்றை. அதனால் எலும்புக்கும் மூட்டுக்கும் அதிகம் போகாது. ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள் போதும், மயக்க மருந்து தேவையில்லை, அன்றைக்கே வேலைக்கும் போகலாம்.

பலன் எப்படி? எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழு 135 நோயாளிகளைச் சராசரியாக 13 வருடம் தொடர்ந்து கவனித்து 2010-இல் முடிவை வெளியிட்டது. முடிச்சு மட்டும் இருந்து, விரல் மடங்காத நிலையில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 87 சதவீதக் கைகள் அப்படியே நின்றன அல்லது கொஞ்சம் தேறின. விரல் லேசாக, 10 பாகைக்குள் மடங்கியிருந்தவர்களிடம் இது 70 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் மடங்கியிருந்தவர்களிடம் கதை தலைகீழ். அடுத்த நிலையில் 62 சதவீதமும், அதற்கும் அடுத்த நிலையில் 86 சதவீதமும் மோசமாகிக்கொண்டே போயின. மடங்கிய விரலுக்குக் கதிர்வீச்சு வீண் என்று நான் அடித்துச் சொல்வது இந்த எண்களை வைத்துத்தான்.

ஆனால் அந்த 87-ஐக் கண்டு உடனே மயங்கிவிட வேண்டாம். இந்த ஆய்வில் சிகிச்சை பெறாத குழு கிடையாது. டுப்யூட்ரன் முடிச்சுகளில் கணிசமானவை தாமாகவே பல வருடம் அசையாமல் கிடக்கும். முடிச்சு மட்டும் உள்ளவர்களை எதுவும் செய்யாமல் ஒன்பது வருடம் போலத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் பாதிப் பேருக்குத்தான் நார் உருவானது. அறுவை சிகிச்சை வரை போனவர்கள் மிகச் சிலரே. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்துவிடவும் கூடாது. நோயாளிகள் வேறு, அளந்த முறையும் வேறு. கதிர்வீச்சு வேலை செய்கிறது என்றே எனக்குப் படுகிறது. எவ்வளவு என்பதில்தான் சந்தேகம். பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் இதே இடத்தில்தான் நின்றது. பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, ஆனால் நோயின் இயல்பான போக்கே தெளிவாக இல்லாததால் பலனை அளப்பது கடினம் என்பது 2016-இல் அது சொன்னதன் சாரம்.

விலை என்ன? தோல் சில வாரம் சிவந்து உலரும். சிலருக்கு அந்த வறட்சி நிரந்தரமாகவே தங்கிவிடும். எர்லாங்கன் குழுவில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி இருந்தது. கதிர்வீச்சால் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, உடலின் ஓரத்தில் சிறிய பரப்பில் கொடுப்பதால் மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. வயது குறையக் குறைய அது கூடும். அதனால் முப்பதுகளில் இருப்பவருக்கு நான் இதை லேசாகப் பரிந்துரைக்க மாட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. அறுபது வயதில், கடந்த ஒரு வருடத்தில் முடிச்சு கண்ணுக்குத் தெரிய வளர்ந்திருக்கிறது, தகப்பனாருக்கும் விரல் மடங்கியிருந்தது என்றால், கதிர்வீச்சு நிச்சயம் பேசிப் பார்க்க வேண்டிய வழி. ஐந்து வருடமாக அசையாத முடிச்சு என்றால் கைவைக்காமல் விடுவதே சரி.

மடங்கிய விரல்: கத்தியா, ஊசியா?

அறுவை சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கை தட்டையாகப் படியவில்லை என்றால் கை மருத்துவரைப் பார்க்க வேண்டிய காலம். விரலின் அடி மூட்டு 30 பாகை மடங்கும் வரை பெரும்பாலான மருத்துவர்கள் பொறுப்பார்கள். நடு மூட்டு விஷயத்தில் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. காரணம் இருக்கிறது. அடி மூட்டு எத்தனை வருடம் மடங்கியிருந்தாலும் நாரை எடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நடு மூட்டு அப்படியில்லை. அதைச் சுற்றியுள்ள தசைநார்களே சுருங்கி இறுகிவிடும். பிறகு நாரை முழுக்க எடுத்தாலும் விரல் பாதிதான் நிமிரும்.

கத்தியா, ஊசியா என்ற வாதம் இருநூறு வருடப் பழையது. 1822-இல் ஆஸ்ட்லி கூப்பர், தோலில் சின்னத் துளை வழியாகக் குறுகிய கத்தியை விட்டு நாரை அறுக்கலாம் என்று எழுதினார். 1831-இல் பாரிசில் கியோம் டுப்யூட்ரன் ஒரு மது வணிகரின் உள்ளங்கையை வெளிப்படையாகக் கீறி அறுத்தார். பெயர் அவருக்கே போனது. கூப்பர் சொன்ன வழிக்கு 1970களில் பிரெஞ்சு மூட்டுவாத மருத்துவர்கள் சாதாரண ஊசியைக் கொண்டு புது உயிர் கொடுத்தார்கள். மரத்துப்போகும் மருந்து போட்டு, ஊசி முனையால் நாரைப் பல இடங்களில் வெட்டி, விரலை இழுத்து நிமிர்த்துவார்கள். நார் அறுந்து உள்ளேயே கிடக்கும், யாரும் வெளியே எடுப்பதில்லை. அரை மணி நேர வேலைதான், கை சில நாளில் பழையபடி பயன்படும்.

இன்று வழக்கத்தில் உள்ள கத்தி சிகிச்சையில், வளைந்து வளைந்து தோலைக் கீறித் திறந்து, நோயுற்ற நாரை நரம்பிலிருந்தும் ரத்தக்குழாயிலிருந்தும் பிரித்து எடுக்கிறார்கள். இது பொறுமையான, நுணுக்கமான வேலை. நார் விரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு அதை வழக்கமான இடத்திலிருந்து இழுத்து வைத்திருக்கும். அனுபவம் குறைந்த கை அங்கே நரம்பை வெட்டிவிடக்கூடும், விரல் நுனி மரத்துப்போகும். காயம் ஆற வாரங்கள் ஆகும், விரல் மடக்கி நீட்டும் பயிற்சி மாதக்கணக்கில். ஒரு சின்ன ஆறுதல்: அறுவைக்குப் பின் எல்லோருக்கும் இரவில் விரலை நிமிர்த்திக் கட்டை வைத்துக் கட்டுவது கூடுதல் பலன் தரவில்லை என்று 2011-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது.

சரி, எது நீடிக்கிறது? நெதர்லாந்தில் இரண்டையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2012-இல் வந்தது. ஊசிக்குப் பின் மறுபடி மடங்கியது 85 சதவீதம், கத்திக்குப் பின் 21 சதவீதம். பின்லாந்து ஆய்வு 2024-இல் வந்தது. அதில் மூன்று மாதத்தில் ஊசியும் கத்தியும் கிட்டத்தட்டச் சமம், இரண்டிலும் பத்தில் ஏழு பேர் தேறியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கத்தி 78 சதவீதம், ஊசி 50.

இந்த எண்களைப் பார்த்தவுடன் கத்திதான் வென்றது என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த நெதர்லாந்து ஆய்விலேயே, மறுபடி மடங்கினால் எது வேண்டும் என்று கேட்டபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஊசியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்று, நான்கு வருடத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் என்பது, இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாத ஒருவருக்கு நல்ல பேரம். வயதானவர்களுக்கு நோய் திரும்பும் வேகமும் குறைவு. எழுபது வயதில் அடி மூட்டு மட்டும் மடங்கியிருந்தால் நான் ஊசியைத்தான் சொல்வேன். ஐம்பதில், நடு மூட்டு மடங்கி, நோய் வேகமாக ஓடினால் கத்தி.

மூன்றாவதாக, கொலாஜனைக் கரைக்கும் நொதி ஊசி ஒன்று 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பெரும் நம்பிக்கை தந்தது. பிறகு வணிகக் காரணங்களால் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகியது. 2024-இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வில், ஒரு வருட முடிவில் அது கத்திக்கு ஈடு என்று நிரூபிக்க முடியவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நம் பக்கம்

டுப்யூட்ரன் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அதிகம், நம்மிடம் குறைவு. ஆனால் நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதன் லேசான வடிவம் தென்படும். அது பெரும்பாலும் விரலை மோசமாக மடக்காது. எனவே கதிர்வீச்சோ கத்தியோ தேவைப்படுவதும் அரிது. சர்க்கரைக்காரர்களுக்கு இதைவிட அதிகம் வருவது ட்ரிகர் ஃபிங்கர். அதில் விரல் மாட்டிக்கொண்டு, சொடுக்கென்று விடுபடும். பால் பிராண்ட் வேலூரில் அறுவை செய்து நிமிர்த்திய தொழுநோய்க் கைகளும் வேறு கதை. அங்கே நரம்பு செயலிழந்து விரல்கள் வளைகின்றன. ஆரம்ப நாட்களில் மறு கையால் அவற்றை நிமிர்த்திவிடலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. ஆகவே முடிச்சைக் கண்டதும் எந்தச் சிகிச்சை என்று தேடுவதற்கு முன், இது டுப்யூட்ரன்தானா என்று கை மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சுக்கு நேரடிப் போட்டி இனிமேல் கத்தியிலிருந்து வராது, மருந்திலிருந்து வரும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அடலிமுமாப் மருந்தை முடிச்சுக்குள்ளேயே மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு முறை செலுத்திப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. 140 பேர் கலந்துகொண்டார்கள். அதில் போலி மருந்து பெற்ற குழுவும் இருந்தது. எர்லாங்கன் ஆய்வில் இல்லாதது அதுதான். மருந்து பெற்றவர்களின் முடிச்சு மென்மையானது, சிறுத்தது. முடிச்சு மென்மையாவது விரல் மடங்குவதைத் தடுக்குமா என்பதற்குப் பல வருடத் தொடர் கவனிப்பு வேண்டும். கதிர்வீச்சையும் இதே கண்டிப்போடு, சிகிச்சை பெறாத குழுவுடன் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் கேட்பேன். அதுவரை, கையில் முடிச்சு உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையை மேசையில் கவிழ்த்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். எந்தத் துறை வாசலில் போய் நின்றாலும், இது வளர்கிறதா என்பதுதான் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.