இக்கித்தோஸுக்குச் சரக்குப் படகு: யுரிமாகுவாஸா, புக்கல்பாவா?

பெரு நாட்டின் இக்கித்தோஸை மற்ற பெருநகரங்களோடு இணைக்கும் வீதி கிடையாது. அரிசி, சீமெந்து, பியர்ப் பெட்டி எல்லாம் 'லாஞ்சா' என்ற படகில்தான் போய்ச் சேரும். எங்கள் திருகோணமலை மாவட்டத்து மூதூர் லோஞ்சுக்கு அது சொல்வழிச் சொந்தம். சரக்கு கீழ்த்தட்டில், ஆட்கள் மேல்தட்டில் ஏணை கட்டிப் படுப்பார்கள். ஏறுவதற்கு இரண்டு துறை: உவயாகா ஆற்றில் யுரிமாகுவாஸ், உக்கயாலி ஆற்றில் புக்கல்பா.

லீமாவிலிருந்து புக்கல்பாவுக்கு ஒரே பஸ். யுரிமாகுவாஸ் என்றால் தரப்போத்தோ போய், அங்கிருந்து மலை இறங்கி இன்னும் 130 கிலோமீற்றர். புக்கல்பாவுக்கு இருக்கும் அனுகூலம் அவ்வளவுதான். சாப்பாடும் இரைச்சலும் இரண்டிலும் ஒன்றே.

என் தெரிவு யுரிமாகுவாஸ். காரணம், தாமதம் குறைவு. அங்கிருந்து ஆற்றோட்டத்தோடு 2, 3 நாள். புக்கல்பாவிலிருந்து 4, 5 நாள், அதுவும் தண்ணீர் நிறைந்திருந்தால். ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆறு வற்றும். உக்கயாலி வளைந்து வளைந்து ஓடி, தன் தடத்தையே மாற்றிக்கொள்ளும் ஆறு. போன வருஷம் ஆழமாயிருந்த இடத்தில் இந்த வருஷம் மணல்திட்டு நிற்கும். தரைதட்டினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓடும் படகில் காற்றுக்கு நுளம்பு அண்டாது. நின்றால் பொழுதுபடவே மொய்த்துவிடும். உவயாகாவிலும் திட்டு உண்டு, ஆனால் அந்தத் துண்டு குறுகியது, பிறகு அகன்ற மரஞ்ஞோன் ஆறு.

இன்னொன்று நவுத்தா. யுரிமாகுவாஸ் படகு அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். அங்கே இறங்கினால் இக்கித்தோஸுக்குத் தார்வீதி, 100 கிலோமீற்றருக்குக் கிட்ட, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். விமானம் தவறிப்போகும் என்ற நிலையில் இது பெரிய உதவி. உக்கயாலி, நவுத்தாவுக்குக் கீழேதான் மரஞ்ஞோனோடு சேர்கிறது; புக்கல்பாவால் வருபவருக்கு இந்தக் குறுக்குவழி இல்லை.

படகுப் பலகையில் எழுதிய புறப்படும் திகதியை நம்பவேண்டாம், சரக்கு நிறைந்தால்தான் படகு புறப்படும். அரைநாள் முந்திப் போய், இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் தூரமாக இடம்பிடியுங்கள். லைட்டுக்கு நேர்கீழே கட்டினால் இரவு முழுக்கப் பூச்சி மேலே விழும். ஏணைக்கு இரண்டு மீற்றர்க் கயிறு இரண்டு, சாப்பாட்டுக்குக் கோப்பையும் கரண்டியும், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் குடிதண்ணீர். லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது என்று பார்த்துவைக்கும்படி, 2021இல் குறிஞ்சாக்கேணிப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்ததை மறக்காத எங்கள் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முந்தியே போடுங்கள். இலங்கைக்குத் திரும்பும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஊசி போட்ட அட்டையைக் கேட்பார்கள்.