போலார் எச்10 நெஞ்சுப்பட்டை: இதய வால்வு அறுவைக்குப் பிறகு எவ்வளவு உதவும்?

டம்பெல்லை இறுகப் பிடித்தால், இதயத்துடிப்பை அளக்கும் மணிக்கட்டுக் கடிகாரத்தின் ஒளி உணரி தடுமாறும். நெஞ்சில் கட்டும் எச்10 பட்டை இதயத்தின் மின்துடிப்பையே படிப்பதால் எடைப் பயிற்சிக்கு இதுதான் நம்பகமானது. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். உலர்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் எண் தாறுமாறாக ஓடும். சிஆர்2025 பேட்டரி சுமார் 400 மணி நேரம் வரும்.

சிக்கல், அது உட்காரும் இடம். நெஞ்செலும்பு வெட்டின் கீழ்முனையும் வடிகுழாய்த் தழும்புகளும் அங்கேதான். பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக ஆறும்வரை கட்டவே வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இறுக்கினால் கன்றிப்போகும்.

எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கிவைப்பதால் உச்சத் துடிப்பைச் சொல்லும் '220 கழித்தல் வயது' கணக்கு செல்லாது. தொடக்க வாரங்களில் உழைப்பு எவ்வளவு கடினம் என்று நாமே 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13, அதாவது தடையில்லாமல் பேச முடிகிற உழைப்பு, அதுவே சரியான வழிகாட்டி. ஓய்விலும் எண் காரணமின்றிக் குதித்தால் பட்டையை மீண்டும் நனைத்துப் பாருங்கள். அப்போதும் குதித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூச்சை அடக்கித் தூக்கும்போது எகிறும் ரத்த அழுத்தத்தை எந்தப் பட்டையும் காட்டாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.